சொந்தக்காரருக்குச் சொன்ன விலை

மரப்பலகையில் எழுத்துச் செதுக்கி, வர்ணம் பூசிப் பெயர்ப்பலகை செய்வது என் தொழில். வீடு திருகோணமலை நகரத்தில். சித்தியின் மகன் குச்சவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி தொடங்கியபோது என்னிடம் ஒரு பலகை கேட்டான். பன்னிரண்டாயிரம் ரூபா வேலை. தம்பிதானே என்று, முதிரை மரத்துக்குப் போன நாலாயிரத்தை மட்டும் வாங்கினேன்.

திறப்புவிழாச் சாப்பாட்டில், பக்கத்து விடுதிக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி அவன் பெருமையாகச் சொன்னான்: "எங்கட அக்கா செய்தவ. நாலாயிரம்தான்!"

"அப்ப எனக்கும் ஒண்டு செய்து தாங்கோ" என்றார் ஒருவர். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்த நாலாயிரத்தில் என் கூலியே இல்லை என்று சொன்னால், அத்தனை பேர் முன்னால் தம்பிக்கு அவமானம். வாயில் சோற்றோடு "ஓம்" என்று தலையாட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் அந்த ஐந்து பலகைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். ஒருவருக்கு மயில் வேண்டும், இன்னொருவருக்கு ஆமை. முழு விலைக்கு வந்தவர்களை "இப்ப ஏலாது" என்று திருப்பி அனுப்பினேன். உளி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. கோபமெல்லாம் என் மேல்தான்.

இப்போது சொந்தக்காரருக்கு நான் விலை குறைப்பதில்லை. முழு விலை, இல்லாவிட்டால் சும்மா. போன மாதம் தங்கையின் தையல்கடைக்கு ஒரு பலகை செய்து கொடுத்தேன். யாராவது விலை கேட்டால் அவள், "அக்கா காசே வாங்கேல்ல" என்கிறாளாம்.

அந்த விலைக்குத் தரச்சொல்லி இதுவரை ஒருவரும் வரவில்லை.