மேலே விட்ட நாலு விரல் இடம்

இழுப்பறையில் கிடக்கிற லெட்டர்பேடு கட்டை எடுத்து நீங்கள் ரெண்டு பேரும் படம் வரையலாம், கப்பல் செய்யலாம், கிழித்தும் போடலாம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன். போன வருஷம் வரைக்கும் அதில் ஒரு தாளைத் தொட்டாலே கத்துவேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஏன் கத்துவதில்லை என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் கோபத்தில் கெட்ட வார்த்தை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கரமனை ஆற்றுப் பக்கம் அந்தப் பெரிய பிளாட் இருக்கிறதே, அதன் வெளிச்சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடினார்கள். அது கிடைத்தால் மழை விட்டதிலிருந்து அடுத்த கோடை வரைக்கும் நம் ஆட்களுக்கு வேலை. கிடைக்காவிட்டால் பாதிப் பேர் சொந்த ஊர் தென்காசிக்கே பஸ் ஏற வேண்டியதுதான். மாமாவும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். மொட்டை மாடியிலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொரு விரிசலையும் தொட்டுப் பார்த்தோம்.

அசோசியேஷன் செக்ரட்டரி ரிட்டயர்டு ஆபீசர். மலையாளி. நம் ஊரில் அண்ணாச்சி என்றால் மரியாதை. அவர் வாயில் வரும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

"அண்ணாச்சி, பேப்பர் ஒண்ணும் கொண்டு வரண்டா. கொட்டேஷன் ஈமெயில்ல அயச்சா மதி. வேர்டு ஃபைலா இருக்கட்டும், கேட்டோ."

தாள் வேண்டாமாம், ஈமெயிலில் அனுப்பினால் போதுமாம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எனக்கு ஏது ஈமெயில்? வலியசாலையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறாரே, அவரிடம் போனேன். எத்தனையோ வருஷமாக என் கொட்டேஷனெல்லாம் அவர்தான் அடிப்பார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் தட்டுவார். "சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுற நேரத்துல சாரத்துல ஆள் ஏறாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதெல்லாம் எவன் ஓய் எழுதுவான்? பெயிண்டு கொட்டேஷனா, பள்ளிக்கூட நோட்டீஸா?"

"நான் எழுதுவேன். அடிங்க."

அடித்தார். அந்த வரியோடு அனுப்பியும் விட்டார். அவருடைய கடை ஈமெயிலிலிருந்து.

இதில் எங்கே தப்பு நடந்தது என்று கவனமாகப் படியுங்கள். எப்போதும் நான் என் லெட்டர்பேடு தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தாளின் தலையில் என் பேரும் பிள்ளையார் படமும் போன் நம்பரும் பிரஸ்ஸில் அடித்தே வந்திருக்கும். அதனால் அவர் கம்ப்யூட்டரில் மேலே நாலு விரல் இடம் காலியாக விட்டுத்தான் தட்டுவார். பிரிண்ட் எடுத்தால் எழுத்து சரியாகப் பேருக்குக் கீழே போய் உட்காரும். நான் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவேன். அவர் கைக்கு அதுதான் பழக்கம், என் கண்ணுக்கும் அதுதான் பழக்கம். ஈமெயிலில் தாள் கிடையாது என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. தலை காலி, அடி காலி. நடுவில் மட்டும் என் உழைப்பு.

ரெண்டு வாரம் ஒரு பதிலும் இல்லை. நேரே போனேன். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பாஸ் ஆன கொட்டேஷனை ஒட்டியிருந்தார்கள். மேலே நீலமும் சிவப்புமாக ஒரு லெட்டர்பேடு. வேறொரு காண்டிராக்டர் பேர். கீழே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் விளையாடுகிற நேரத்தில் சாரத்தில் ஆள் ஏறாது என்று இருந்தது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். ரேட்டை மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தான், மற்றதெல்லாம் அப்படியே. நான் காலியாக விட்ட இடத்தில் தன் தலையைக் கொண்டு வந்து வைத்திருந்தான், அவ்வளவுதான்.

செக்ரட்டரி ரூமுக்குள் போனேன். கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், வெளியில ஒட்டியிருக்கிறது நான் எழுதினது."

"எவிடெ? அதில் உங்க பேர் எவிடெ, அண்ணாச்சி?"

"நான் அனுப்பின மெயிலைப் பாருங்க."

பார்த்தார். போனை மற்றவர்களுக்கும் திருப்பிக் காட்டினார். "இது ஏதோ கம்ப்யூட்டர் கடை அயச்சது. லெட்டர்ஹெட் இல்லை, சைன் இல்லை. இதை எங்ஙனெ எடுக்கும்? கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்து பெயிண்ட் அடிக்குமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். என் ஃபைல் எப்படி அந்தக் காண்டிராக்டர் கைக்குப் போனது என்று கேட்டேன். செக்ரட்டரி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ கிளாஸை எடுத்தார். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழி இல்லை.

டி.டி.பி. கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "நீர் லெட்டர்பேடு கொண்டு வரலை, நான் என்ன ஓய் பண்றது?" என்றார். நியாயம்தான். அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் அந்தக் காண்டிராக்டரே ஸ்கூட்டரில் நம் வீட்டு வாசலுக்கு வந்தான். நீங்கள் ஸ்கூல் போயிருந்தீர்கள். உங்கள் அம்மா அவனுக்கு நாற்காலி போட்டாள், ஆள் தெரியாமல்.

"அண்ணாச்சி, தேஷ்யப்படாதீங்க, கோபம் வேண்டா. எனக்கு ஆள் கிடையாது. வேலை உங்க ஆளுங்க செய்யட்டும். லெட்டர்பேடு மட்டும்தான் என்னுது."

"அப்போ அந்த லெட்டர்பேடையே சாரத்துல ஏத்தி விடும். அது பட்டி பார்க்கும், பிரைமர் அடிக்கும்."

"தமாஷ் பறையாதீங்க. மழைக்காலம் கழிஞ்சா உங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு?"

"எழுந்திரும். என் நாற்காலியிலேர்ந்து எழுந்திரும்."

அவன் போனான். அன்று சாயங்காலம் மாமா வந்தார். ஆட்களெல்லாம் பின்னால் தெருவில் நின்றார்கள்.

"அத்தான், உங்க கோபத்துக்கு நாங்க எதுக்கு ஊருக்குப் போகணும்?"

"என் எழுத்தைத் திருடினவன்கிட்ட கூலிக்கு நிக்கப் போறியா?"

"எழுத்தைத்தானே திருடினான். வேலையையும் நாமளே அவனுக்கு விட்டுக்கொடுக்கணுமா?"

"போ. போறவன் இந்தப் பக்கம் வராதே."

போனார். ஆட்களும் போனார்கள். அன்றிலிருந்து நான் தனியாக ஒற்றை அறை, ரெண்டு அறை என்று வேலை பார்க்கிறேன். அதற்குக் கொட்டேஷனும் வேண்டாம், லெட்டர்பேடும் வேண்டாம். அவர்கள் அந்த பிளாட்டில் சாரம் கட்டி ஏறிவிட்டார்கள்.

போன வாரம் மாமா போன் செய்தார். சாரத்திலிருந்துதான் பேசினார், காற்றுச் சத்தம் கேட்டது. "அத்தான், கொட்டேஷன்ல தண்ணித் தொட்டி ஐட்டத்துல என்ன கோட்டிங்னு புரியலை. காண்டிராக்டரைக் கேட்டா முழிக்கிறான். நீங்க என்ன நினைச்சு எழுதினீங்க?"

எனக்குத் தெரியும். அந்தத் தொட்டியடியில் குனிந்து நின்று பார்த்தவன் நான்தானே. தெரிந்தும், "தாள்ல மேலே யாரு பேரு இருக்கோ அவன்கிட்டயே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அவள் தம்பி. எனக்கு அவன் இப்போது அந்தக் காண்டிராக்டரின் ஆள். உங்களுக்கு மாமாவைப் பார்க்க வேண்டும் என்றால் போய்ப் பாருங்கள், தடுக்க மாட்டேன். கட்டிடம் அழகாக இருக்கிறது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.