என் முதுகில் சாய்ந்து வந்தவர்

சில வருடங்களுக்கு முன், ஒரு பள்ளி விடுமுறையில் நடந்தது இது. நான் கேமரன் மலையில் ஆசிரியை. அந்த விடுமுறையில் தனியாக மோட்டார் சைக்கிளில் கிழக்குக் கரை முழுவதும் சுற்றிவிட்டு, குவா மூசாங் வழியாக மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். என்னுடையது கிளட்ச் இல்லாத சின்ன மோட்டார்தான். அதிலா இவ்வளவு தூரம் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். எனக்குக் கவலையே இல்லை. அந்த மோட்டாரை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

அந்தப் பாதையில் ஊர்கள் குறைவு. காடு, மலை, வளைவு, மறுபடியும் காடு. போனில் லைன் கிடைக்காது. அன்று காலையிலிருந்தே பேய்க்காற்று. ஒரு வளைவில் திரும்பினால், சாலைக்குக் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு கார். ஓர் ஆள் இரண்டு கைகளையும் ஆட்டி என்னை நிறுத்தினார்.

"கிட்டப் போகாதீங்க! குளவி!"

மரத்தோடு குளவிக்கூடும் விழுந்து உடைந்திருந்தது. வழி இருக்கிறதா என்று பார்க்க இறங்கிய அவர் மனைவியை மொய்த்துக் கொட்டிவிட்டன. காருக்குள் அந்த அக்காவின் முகம் வீங்கி, கண்கள் மூடிக் கிடந்தன. மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்களாம். சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்புகிறார்களாம்.

திரும்பி குவா மூசாங் போவதென்றால் ரொம்ப தூரம்; முன்னால் போனால் மலையில் கிளினிக் கிட்ட. மரத்தின் வேர்ப்பக்கம், மண்மேட்டை ஒட்டி ஓர் இடைவெளி தெரிந்தது. கார் நுழையாது. மோட்டார் நுழையும்.

"அண்ணே, அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் என் மோட்டாரைப் பார்த்தார். "இந்தக் காத்துல எப்படிலா போவீங்க?"

"நான் ஓட்டுவேன். இங்க நின்னா மூச்சுதான் போகும்."

அவர் தயங்கினார். "நான் போறேன்" என்று உள்ளேயிருந்து அந்த அக்காவே சொன்னார்.

பின்சீட்டில் கட்டியிருந்த என் பையை அவிழ்த்து அண்ணனிடம் கொடுத்தேன். என் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் அக்காவுக்குப் போட்டுவிட்டு, என் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். காரில் கிடந்த கைலியால் எங்கள் இருவரையும் சேர்த்து அவர் இறுக்கிக் கட்டினார்.

"அக்கா, என் வயித்துல தட்டிக்கிட்டே வாங்க. நிறுத்தக் கூடாது."

சேற்றில் டயர் வழுக்கியது. அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். கழுத்தில் சுரீரென்று இரண்டு கொட்டு. முறுக்கிய கையை நான் விடவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

காடு முடிந்து காய்கறித் தோட்டங்கள் தொடங்கியதும் காற்றுக்குத் தடையே இல்லாமல் போயிற்று. ஒரு வளைவில் எங்களைப் பள்ளத்துப் பக்கம் அப்படியே தள்ளியது. மோட்டாரைக் காற்றின் பக்கமே சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் வயிற்றில் தட்டிய கை நின்றுபோனது உறைத்தது.

"அக்கா! தூங்காதீங்க! அக்கா!"

முதுகில் மொத்த பாரமும் சரிந்தது. கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லையே, இடது கையால் அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டினேன். கத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் கழித்து ஒரு விரல் மெதுவாக அசைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கோலா தெர்லா ஊருக்கு முன்பே இருந்த ஒரு கிளினிக் வாசலில் போய் நின்றேன். தாதிகள் ஓடிவந்து கைலியை வெட்டி அவரைத் தூக்கிப் போனார்கள். ஊசி, ஆக்சிஜன்.

மதியத்துக்கு மேல் மரத்தை அறுத்து வழிவிட்டிருக்கிறார்கள். என் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் ஓடிவந்தார். கட்டிலில் மனைவி கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தடித்த உதட்டோடு என்னிடம் சொன்னார்: "நீங்க கத்துனது எல்லாம் கேட்டுச்சி. வாய்தான் வரல. ஏன்லா அவ்ளோ சத்தம்?"

மூவரும் சிரித்தோம். சிரிப்போடு எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் தனியாக எத்தனையோ தூரம் போய் வந்திருக்கிறேன். ஆனால் நான் நல்ல ஓட்டுநர்தான் என்று எனக்கே முழுதாக நம்பிக்கை வந்தது, முன்பின் தெரியாத ஒருவர் தன் உயிரை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்த அந்த வழியில்தான்.