நடக்கிற விரிசல்

முழங்காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, விரிசலின் நுனியில் குறுக்கே ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதுகிறார் பென்சில்காரர். காதில் செருகிய பென்சிலால் வந்த பெயர். கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம்வரை கான்கிரீட் போட்டவர்கள், அது வெடித்ததும் இவரைத்தான் தேடுகிறார்கள்.

"நிக்கிற விரிசலா, நடக்கிற விரிசலான்னு மொதல்ல பாக்கணும். மூணு மாசம் கழிச்சு வரேன். கோட்டைத் தாண்டலேன்னா அடைச்சிடலாம்."

இன்றைக்கே பூசித் தரச் சொன்னால் மனிதர் மசியமாட்டார். "நடக்கிறதை அடைச்சா மறுபடி வாயப் பொளக்கும் சார்."

காரணம் கேட்டுவிட்டால் போச்சு, சாக்கிலேயே சம்மணம் போட்டுவிடுவார். "கலவையில தண்ணி கூடினா காயும்போது சுருங்கும். அதுக்குத்தான் நடுநடுவே வெட்டு விடணும். நீங்க விடலேன்னா அதுவே விட்டுக்கும்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

இத்தனை தெரிந்தவரின் வாசலிலும் ஒரு விரிசல் உண்டு. மகள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்று ஒரே நாளில் போட்ட தளம். சீக்கிரம் பரவட்டும் என்று இரண்டு வாளி தண்ணீர் அதிகம். வெட்டும் விடவில்லை, அடிமண்ணை இடித்து இறுக்கவும் பொறுமையில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஏழு கோடுகளைத் தாண்டி அது இன்னும் நடக்கிறது.

போன மாதம் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன். தினமும் நடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்றார் டாக்டர். முதல் நாளே வாக்கரின் சக்கரம் விரிசலில் சிக்கியது. விழவில்லை, ஆனால் அந்த அம்மாள் பயந்துவிட்டார். நாலு நாள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. "நான் இப்படியே இருந்துக்கறேன், விடுங்க" என்றார்.

அன்றைக்கே பென்சில்காரர் கலவை குழைத்து விரிசலை அடைத்தார். பத்து நாளில் மயிரிழையாகப் பிளந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடைத்தார்.

"ஊருக்கு மூணு மாசம், எனக்கு மட்டும் ஒரே நாளா?" என்று கேலி செய்தார் மனைவி.

"அது நடந்தா நடந்துட்டுப் போகுது. நீ நடக்கணும்ல."

இன்று மாலை வாக்கர் அந்தப் பூச்சைக் கடந்து, கேட்டுக்கு எட்டடி இருக்கையில் நின்றது. அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பென்சில்காரர் சாக்கை எடுத்துவந்து மடித்துப் போட்டார். மண்டியிட்டு, மனைவியின் கால் பெருவிரலுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதினார்.