பதினெட்டுக் கேள்விக்கும் ஆமாம்

கிள்ளானில் ஒரு சிறிய தாய்சேய் கிளினிக்கில் புஷ்பவல்லி உதவியாளராக இருந்தாள். 1984இல் அங்கே புதிதாக வந்த டாக்டர், ஒன்பது மாதக் குழந்தைகளின் வளர்ச்சியைத் தாய்மாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தாளை அச்சடித்தார். மலாய் மொழியில் பதினெட்டுக் கேள்விகள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவற்றைத் தமிழில் கேட்டுப் பதிலைக் குறிப்பது புஷ்பவல்லியின் வேலை. பிடிக்காம உட்காருதா? பின்னால நின்னு கூப்பிட்டா திரும்புதா? மா, பான்னு சத்தம் போடுதா? ஒரே மாதத்தில் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

பாதிப் பேர் கேள்வி முடியும் முன்பே ஆமாம் என்பார்கள். இல்லை என்றால் பிள்ளைக்கு ஏதோ குறை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம்.

"இது பரீட்சை இல்ல லா, அக்கா. உள்ளதச் சொல்லுங்க" என்று புஷ்பவல்லி கண்டிப்பாள்.

அடுத்த ஆண்டு அவளுக்கே தமயந்தி பிறந்தாள். போர்ட் கிள்ளானில், லோரிகள் ஓயாத சாலையோரம் வீடு. பலகைத் தரை அதிரும்போதெல்லாம் குழந்தை தலையைத் திருப்பும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. ஏழாம் மாதத்தில் ஒருநாள், மெத்தையில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் நின்று, புஷ்பவல்லி பால் டின்னைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். குழந்தை அசையவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு டின்னை அலமாரியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

டின் தட்டியதைக் கணவன் கன்னையாவிடம் சொல்லவில்லை. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாளே" என்று மட்டும் கேட்டாள்.

"லோரி வந்தா திரும்புறா இல்ல? எங்க அண்ணனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்றான் அவன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒன்பதாம் மாதம் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கனகேஸ்வரி தாளை அவளிடமே நீட்டினார். "நீயே நிரப்பு புஷ்பா. உனக்குத் தெரியாததா?"

கூப்பிட்டால் திரும்புகிறதா என்ற இடத்தில் பேனா நின்றது. இல்லை என்று போட்டால் கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள். அங்கே யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரை அது இல்லை என்றே இருக்கலாம். ஆமாம் என்று குறித்தாள். மற்ற பதினேழுக்கும் அப்படியே.

மூன்றரை வயதாகியும் தமயந்தி பேசவில்லை. கடைசியில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். சோதித்து முடித்த காது டாக்டர் பழைய தாளைப் புரட்டினார்.

"கூப்பிட்டா திரும்புறான்னு இதுல இருக்கே. யாரும்மா எழுதுனது?"

"நான்தான் டாக்டர்."

அவர் தாளை மடித்து வைத்தார். "ரெண்டு காதும் கேக்கல. மெஷின் போடலாம். ஆனா பேச்சு வர்ற வயசு ரொம்பப் போயிடுச்சு. அதிகமா எதிர்பார்க்காதீங்க."

திரும்பும் பஸ்ஸில் கன்னையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு என்னா தெரியும்? நீதானே கிளினிக்ல இருக்க."

காதில் மாட்டிய மெஷினைத் தமயந்தி பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தாள். இரண்டு வருடப் பயிற்சியில் வந்தது 'மா' ஒன்றுதான். தண்ணீருக்கும் மா, பூனைக்கும் மா. காது கேளாதோர் பள்ளி தூரம். விடுதியில் விட மனம் வரவில்லை. பள்ளியில் சேர்க்கும் வயதும் கடந்துபோனது. புஷ்பவல்லி கேட்டு வாங்கிக்கொண்டு மருந்து கவுன்ட்டருக்கு மாறினாள். கேள்விகளை இப்போது வேறு யாரோ கேட்கிறார்கள்.

1997இல் தமயந்திக்குப் பன்னிரண்டு வயது. தாய்க்கும் மகளுக்கும் இடையே முப்பது சைகைகள் இருக்கலாம்: சோறு, குளி, வெளியே போகாதே, அப்பா வருகிறார். நடந்ததை மகளிடம் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று புஷ்பவல்லி எத்தனையோ நாள் அவள் எதிரே உட்கார்ந்து கையைத் தூக்கியிருக்கிறாள். சோறு கேட்கிறாள் என்று நினைத்துத் தமயந்தி எழுந்துபோய்த் தட்டை எடுத்துவருவாள்.