வேர்வைக்குக் கிடைத்த தண்ணீர்

என் கணவரின் நோய் காலில் தொடங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் மாலைவரை அப்படியே இருக்கும். கண்டி மேட்டில் ஏறி இறங்கும் கால்தானே என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன என்றார்கள்.

டயலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்திகரித்தல்) தொடங்கியது. இடது கையில் பிஸ்டுலா (நாடியையும் நாளத்தையும் இணைத்து, ஊசி குத்த அமைக்கும் வழி) வைத்தார்கள். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே இரத்தம் கிறுகிறுவென்று ஓடுவது தெரியும்.

ஊசியை அவர் பொறுத்துக்கொண்டார். அவரை வதைத்தது தாகம். சிறுநீர் போகாதவர் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். அளந்து வைத்த தண்ணீரைக் காலையிலேயே முடித்துவிட்டு, நான் பாத்திரம் கழுவும்போது குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர் ஹந்தானைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சௌனா அறையைப் பார்த்துக்கொண்டவர். பலகை அடித்த சின்ன அறை. அடுப்பில் கல்லைச் சூடாக்கி வைத்தால், வெள்ளைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து வேர்ப்பார்கள். இதற்கென்று கடல் தாண்டி வருகிறார்களே என்று நாங்கள் சிரித்ததுண்டு.

"வேர்த்தா தண்ணி வெளிய போயிருமில்ல, வசந்தா? போனத நான் குடிச்சுக்கலாம்," என்றார் ஒருநாள்.

பழைய முதலாளி மறுக்கவில்லை. பின்னேரங்களில் போய் உட்காரத் தொடங்கினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. நோயோடு வந்த ஓயாத அரிப்பு குறைந்தது. தூங்கினார். டயலிசிஸுக்கு முன் உடம்பின் பாரம் பார்க்கும் தாதி மிஸ், "ஐயாவப் பாருங்க, என்ன கட்டுப்பாடு," என்று மற்ற நோயாளிகளுக்கு அவரைக் காட்டினார். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல இவர் என்னைப் பார்ப்பார்.

அந்தப் பெருமையில்தான் அவரைப் பார்த்துவந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மாவிடம் சௌனா பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வேர்வையில தண்ணி போறது உண்மைதான் அம்மா. ஆனா பிரஷர் விழும், இரத்தம் தடிக்கும். பிஸ்டுலா அடைச்சுப் போனால் என்ன செய்யிறது? இனி அவரைச் சூட்டுக்குள்ள விடாதேங்கோ."

வீட்டில் வந்து சொன்னேன்.

"டாக்டருக்குத் தாகமா, எனக்குத் தாகமா?" என்றார் இவர். மறுபடியும் போனார்.

ஒரு பின்னேரம் சௌனாவிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை அவர் கையைத் தொட்டேன். கிறுகிறுப்பு இல்லை. சுவரைத் தொட்டது போலிருந்தது.

அடைப்பை எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வலது கையில் புதிதாக வைத்த பிஸ்டுலா கூடிவரவில்லை. டயலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. இடம் மாற்றிப் போட்டார்கள், அங்கும் வந்தது.

வெப்ப அறை உடம்புக்கு நல்லது என்பார்கள். சுகமாக இருப்பவர்களுக்கு இருக்கலாம். உங்கள் வீட்டில் டயலிசிஸ் செய்பவர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதற்குள் விடாதீர்கள். தாகத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை.

முந்தாநாள் டாக்டர் அம்மா என்னைத் தனியாக விறாந்தைக்கு அழைத்தார். "இனிக் குழாய் போட இடமில்லை. அவரை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. விரும்பினதைக் குடிக்கக் குடுங்கோ," என்றார்.

டயலிசிஸ் நாள், அதற்கு முந்திய நாள் என்றுதான் எங்கள் கிழமைகள் இருந்தன. இப்போது எந்த நாளுக்கும் பெயர் இல்லை. டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

நேற்றுப் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு நீட்டினார்.

"போதும். நாளைக்குப் பாரம் கூடினா மிஸ் ஏசுவாங்க."

"ஏச மாட்டாங்க. குடிங்க," என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.