மடியில் ஒரு துணி

டெய்லருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தச் செய்தி அவருடைய பாதத்துக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. பகலில் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், இல்லாத பாதம் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் ஊசி ஏறி இறங்கும், துணி தண்ணீராய் வழுக்கிக்கொண்டு ஓடும். என்ன சுகம்!

லாரி மோதிய அன்று அவசரத்தில் வெட்டிய வெட்டு அது. மிச்சக் காலின் நுனியில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்க, அதன்மேல் தோல் மெல்லிசாக ஒட்டிக் கிடந்தது. செயற்கைக் காலை மாட்டி நாலடி வைத்தால் புண். அதைச் சரிசெய்ய மறுபடி ஒரு ஆபரேஷன்.

"எலும்பைக் கொஞ்சம் குறைச்சு முனையை மழுக்கிடுறேன். பின்பக்கத்துச் சதையை முன்னாடி கொண்டுவந்து, மெத்தை மாதிரி மூடித் தைச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"வெயிட் விழற இடத்துல தையல் வராம பாத்துக்குங்க சார். பிரிஞ்சுக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "முன்பக்கமாத்தான் வரும், மாஸ்டர். ஆனா ஆறுறதுக்குள்ள கீழ விழுந்து பிரிஞ்சுதுன்னா, அடுத்து முட்டிக்கு மேலதான் வெட்டணும்."

முட்டி இல்லாமல் மெஷின் மிதிப்பது எப்படி?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மதியம், சாய்வு நாற்காலியில் தூங்கியவர் கனவிலேயே ஒரு பேன்ட்டைத் தைத்து முடித்தார். அதைக் கொடுக்க எழுந்து, இல்லாத காலை ஊன்றினார். மனைவி ஓடிவந்து தாங்கியதால் பிழைத்தார்.

"இல்லாத காலை நம்பி எந்திரிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன்!" என்று திட்டினாள்.

மறுநாளிலிருந்து அவர் கண்ணயர்ந்ததும் ஒரு துணியை எடுத்து அவர் மடியில் போட ஆரம்பித்தாள். வீடே பற்றி எரிந்தாலும் மடியில் இருக்கும் துணியை மடித்து ஓரமாக வைக்காமல் மனிதர் எழுந்திருக்க மாட்டார், குண்டூசி சிதறிவிடுமே! முப்பது வருஷத் தொழில் அப்படி. அவள் கணக்கு தப்பவில்லை. கனவு எழுப்பும், கை துணியை மடிக்கும், மடித்து முடிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். கால் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரியும். சில நாள் அழுவார்.

புண் ஆறி, வீக்கம் வடிந்து, புதுக் கால் வந்தது. நடைப்பயிற்சி அறையில், பிடித்து நடக்கும் கம்பிகளுக்கு நடுவே உட்காரவைத்து மாட்டிவிட்டார்கள். எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. டெய்லர் அசையவில்லை. மனைவி பழக்கதோஷத்தில் போட்டிருந்த துண்டு மடியிலேயே கிடந்தது. அவர் கை அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

அவள் குனிந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. இப்ப கால் இருக்கு."