குமாரவேலின் பெயரைப் பெறவிருந்த கடற்புழு

பிள்ளையார்பாளையத்தில் குமாரவேலைத் தெரியாதவர்கள் குறைவு. கைதேர்ந்த நெசவாளி, முன்கோபி. தறியில் இறங்கிவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க மாட்டார். தெருவில் முட்டைக் கூடை போனாலே முகம் சுளிக்கும் சைவர் வேறு. அப்பேர்ப்பட்டவர் வீட்டு அலமாரியில் தேளும் தவளையும் பாட்டிலில் மிதந்தன என்றால், அதற்குத் தங்கைமேல் அவருக்கிருந்த பாசம் ஒன்றுதான் காரணம். தங்கை ஏலவார்குழலி உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். படிக்க வைத்தவர் அவர்தான், ஆகவே நாற்றத்தையும் அவரே சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எழுபதாம் ஆண்டு ஒரு பிஸ்கட் டின் வந்து சேர்ந்தது. ராமேஸ்வரம் பக்கம் வேலை பார்த்த தோழி அம்சா, மீனவர் வலையில் சிக்கிய ஒரு கடற்புழுவைக் கெடாமலிருக்கப் பார்மலின் ஊற்றி அனுப்பியிருந்தாள். புழு என்றால் நம் வீட்டுப் புழு இல்லை. நீட்டினால் ஆளுயரத்தைத் தாண்டும். குழலி அன்று திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். டின்னோ ஒழுகியது, பக்கத்தில் நெய்ய வைத்திருந்த பட்டுநூல் கண்டுகள் இருந்தன. குமாரவேல் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்ததைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினார். அப்போதுதான் அது தலைப்பக்கம் ஒரு துண்டும் உடல் ஒரு துண்டுமாக இருப்பதைப் பார்த்தார். பஸ்ஸில் குலுங்கி அறுந்துவிட்டதாக நினைத்தார்.

அறுந்ததைக் கண்டால் நெசவாளியின் கை சும்மா இருக்காது. மயில்கழுத்து நிறப் பட்டிழை ஒன்றை எடுத்து, மெல்லிய ஊசியில் கோத்து, புழுவின் இரண்டு வளையங்களுக்கு நடுவிலிருந்த பள்ளத்துக்குள்ளேயே முறுக்கிப் பிணைத்தார். பிணைத்த இடம் வெளியே தெரியவில்லை. தலைக்குக் குளித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். தங்கை வந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. இழை அறுந்தால் பிணைத்துவிட்டு மேலே நெய்வதுதான் தொழில். பிணைத்ததை எந்த நெசவாளியும் ஊர் கூட்டிச் சொல்வதில்லை.

குழலி மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். இந்த வகைப் புழுக்களுக்குப் பெயர் சொல்ல, தாடையைப் பார்க்க வேண்டும், மீசைகளைப் பார்க்க வேண்டும், தலையிலிருந்து எத்தனையாவது வளையத்தில் செவுள் தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பழைய இனம் ஒன்றோடு ஒத்துப்போனது. செவுள் மட்டும் தலைக்கு மிக அருகிலேயே தொடங்கியது. எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. புதிய இனம் என்றே அவளும் அவளுடைய பேராசிரியையும் முடிவுக்கு வந்தார்கள். கண்டறிந்தவருக்குப் பெயரிடும் உரிமை உண்டு. அவள் அண்ணன் பெயரை வைத்தாள்.

சேதி தெருவில் பரவியது. "ஊர்ல ஆளுங்க பேரை ரோட்டுக்கு வைப்பாங்க. உனக்குப் பூச்சியாப்பா?" என்று எதிர்வீட்டு வீரபத்திரன் சீண்டினார். "போய் உன் தறியைப் பாருய்யா" என்று குமாரவேல் சீறினார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமையில் இருப்புக்கொள்ளவில்லை. உலகம் உள்ளளவும் புத்தகத்தில் தன் பெயர் இருக்கும் என்று தங்கை சொல்லியிருந்தாள்.

புழுவைச் சரிபார்க்கக் கல்கத்தாவிலுள்ள நிபுணருக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், சலவை வேட்டி கட்டிக்கொண்டு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

"ஒரு கண்ண மூடிக்கினு பாருண்ணா" என்றாள் குழலி.

நுண்ணோக்கியில் குனிந்தவர் மூச்சை இழுத்துக்கொண்டார். கன்னங்கரிய தாடைகள், பாக்குவெட்டி பாக்குவெட்டியாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"மணலுக்குள்ள ஒடம்ப ஒளிச்சிக்கினு இருக்கும். மீசை மட்டும் வெளிய. மீனு வந்து ஒரசிச்சின்னா ஒரே கடி, உள்ள இழுத்துக்கினு போயிடும்."

அவள் புழு கிடந்த தட்டை நகர்த்தினாள். தோல் பச்சையும் நீலமும் ஊதாவுமாக மின்னியது.

"இது என்னா சாயம்மா?"

"சாயமே இல்லண்ணா. தோலுல இழை ஓடுது. நெடுக்கால ஒரு அடுக்கு, குறுக்கால ஒரு அடுக்கு. வெளிச்சம் பட்டுத்தான் இப்பிடி மின்னுது."

"பாவும் ஊடையுமா?" என்றார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "கடலடியில எவம்மா உக்காந்து நெய்ஞ்சது இத்தை?" கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. கோயிலில்கூட அவருக்கு இப்படி ஆனதில்லை.

"இந்தா பாரு, செவுளு இங்கயே ஆரம்பிச்சிடுது. உம்பேரு வந்ததே இதாலதான்."

செவுளைப் பார்த்தார். அதை ஒட்டிய பள்ளத்தின் அடியில் ஓர் இழை தெரிந்தது. அவள் அதைத் தசைநார் என்று நினைத்திருக்க வேண்டும். தன் கை முறுக்கு எந்த நெசவாளிக்குத் தெரியாது? சொல்லாவிட்டால் பெயர் நிற்கும். கல்கத்தாவில் யாராவது பிரித்துப் பார்த்தால் தங்கையின் மானம் போகும். அதைவிட, இவ்வளவு அற்புதமான ஒன்றின்மேல் பொய்யாகத் தன் பெயரை ஒட்டுவதா என்று அவருக்குக் கூசியது.

"குழலி, அது நான் போட்ட பிணைப்புமா" என்றார். "டின்னுல வந்தப்ப ரெண்டா இருந்துது."

அவளுக்கு முகம் வெளுத்தது. ஊசியெடுத்து இழையை விலக்கினாள். பிரிந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. இடையிலிருந்த வளையங்கள் கடலிலேயே போயிருந்தன. அவற்றையும் சேர்த்தால் செவுள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. புதிய இனம் இல்லை.

"அப்ப இதுக்கு ஏற்கெனவே பேரு இருக்குதா?"

"இருக்குது. வெளிநாட்டுக்காரரு ஒருத்தர் வச்சி இருநூறு வருஷம் ஆகப்போவுது." குழலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "உம்பேரு போயிடுச்சேண்ணா."

"எத்தினி பொடவை நெய்ஞ்சிருக்கேன். எதுலமா எம்பேரு இருக்குது?" என்றார் குமாரவேல். குரலில் வருத்தமே இல்லை. மறுபடி கருவியின்மேல் குனிந்தார். "அழுவாத. அந்த வாயை இன்னொரு தரம் காட்டு."

குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.